கொஞ்சூண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது!

போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிஞ்சு, பந்திக்கு இடம் கிடைக்கிற வரைக்கும் மண்டப வாசல்ல உக்காந்து ஊர்க்கதை பேசிக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் தள்ளி என் மகளைச் சுத்தி நாலு பாட்டிங்க. அவளுக்கு எட்டு வயசு. ஒரு பாட்டி கையில ரவா லட்டு.

"சாப்பிடு கண்ணு."

"வேணாம் பாட்டி, எனக்குக் கோதுமை ஆகாது."

"இது கோதுமை இல்லடி தங்கம், ரவை."

"ரவையும் ஆகாது பாட்டி."

"அட, கொஞ்சூண்டுதான். கொஞ்சூண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. பாட்டி கையால குடுக்கறேன், வேணாம்னு சொல்லுவாங்களா?"

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல பிள்ளை மூணு தடவை வாந்தி எடுத்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுத்தப்பதான் தெரிஞ்சது. மறுநாள் காலையில கேட்டேன், "ஏம்மா, வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?" அதுக்கு அவ சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வச்சிருக்கு.

"சொன்னேம்ப்பா. பாட்டி மூஞ்சி வாடிப் போச்சு. பாவமா இருந்துச்சு. அதான் சாப்பிட்டேன்."

எட்டு வயசுப் பிள்ளைக்குத் தன் வயித்தைவிட பெரியவங்க மூஞ்சி முக்கியம்னு கத்துக் குடுத்து வச்சிருக்கோம். சபாஷ்! இப்ப எனக்கு வர்ற கோவத்தை யார் மேல காட்டறது? அந்தப் பாட்டி மேலயா? சத்தியமா அவங்க மேல கோவமில்ல. பாசத்துலதான் குடுத்தாங்க. என் கோவமெல்லாம் "கொஞ்சூண்டு கட்சி" மேல. தமிழ்நாட்டுலயே பெரிய கட்சி இதுதான். கொடி கிடையாது, சின்னம் கிடையாது. ஆனா எல்லா வீட்டுலயும் ரெண்டு உறுப்பினராவது இருப்பாங்க.

விஷயம் தெரியாதவங்களுக்காக முதல்ல விளக்கம். எனக்கும் என் மகளுக்கும் இருக்கிறது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை இந்த மூணு தானியத்துலயும் குளூட்டன்னு ஒரு வகைப் புரதம் இருக்கு. மாவை இழுத்தா ரப்பர் மாதிரி வருதே, பரோட்டா மாஸ்டர் வீசி வீசி அடிக்கிறாரே, அந்த இழுவைக்குக் காரணம் இதுதான். ஊருக்கெல்லாம் இது வெறும் புரதம். எங்களுக்கு மட்டும் இது உள்ள போனதும் உடம்போட எதிர்ப்புச் சக்தி, எதிரி வந்துட்டான்னு நெனச்சு சொந்தச் சிறுகுடலையே அடிக்க ஆரம்பிச்சிடும். சிறுகுடலோட உள்சுவர்ல விரல் விரலா குடலுறிஞ்சிகள் இருக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அது தேஞ்சு தேஞ்சு மொட்டையாயிடும். அப்புறம் என்னதான் சாப்பிட்டாலும் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உடம்புல ஒழுங்கா சேராது.

இது அலர்ஜி இல்ல. கோதுமை அலர்ஜி வேற வியாதி. இது ஒரு ஆட்டோ இம்யூன் நோய். இன்னிக்கு வரைக்கும் இதுக்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, ஆபரேஷன் கிடையாது. ஒரே வைத்தியம், உயிரோட இருக்கிற வரைக்கும் குளூட்டனைத் தொடாம இருக்கிறது. அதாவது எங்களுக்குச் சாப்பாடுதான் மருந்து. நீங்க நீட்டற ரவா லட்டு, சர்க்கரை நோயாளியோட இன்சுலினைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளிய வீசற மாதிரி. "ஒரு நாளைக்கு ஊசி போடலைன்னா ஒண்ணும் ஆகாது"ன்னு யாராச்சும் சொல்லுவீங்களா?

சரி, கொஞ்சூண்டு கட்சியோட கொள்கைகளை ஒவ்வொண்ணா பாப்போம்.

கொள்கை ஒண்ணு: "நாமெல்லாம் அரிசி சாப்பிடறவங்க, நமக்கு எப்படிங்க கோதுமை வியாதி வரும்?"

இதைச் சொந்தக்காரங்க சொன்னா சிரிச்சிட்டுப் போயிடலாம். எனக்கு இதைச் சொன்னவர் ஒரு டாக்டர். பத்து வருஷத்துக்கு மேல ரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்குல துருப் பிடிக்காத குறைதான். ஏறவே ஏறாது. கூடவே வாய்ப்புண், வயித்து உப்புசம், எப்பப் பாத்தாலும் அசதி. ஒருத்தர் கேஸ் ட்ரபுள்னாரு. ஒருத்தர் பூச்சி மருந்து குடுத்தாரு. ஒருத்தர் "டென்ஷனைக் குறைங்க, யோகா பண்ணுங்க"ன்னாரு. எங்கேயோ படிச்சிட்டு நானே சீலியாக்கா இருக்குமான்னு கேட்டப்ப, ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுச் சிரிச்சார். "அதெல்லாம் பஞ்சாப்காரனுக்கு வர்றது தம்பி. நீங்க இட்லி சாப்பிடற ஆளு."

அந்தச் சிரிப்புக்கு நான் குடுத்த விலை இன்னும் ரெண்டு வருஷம். கடைசியா ஒரு டாக்டரம்மா மறுபேச்சு இல்லாம டிடிஜி ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுத்தாங்க. எண்டாஸ்கோப்பி பண்ணி சிறுகுடல்ல சதை எடுத்துப் பாத்ததும் உறுதியாச்சு.

அரிசிக்காரங்களுக்கு வராதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. 2016ல இந்திய ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஹரியானா, அஸ்ஸாம், வேலூர்னு மூணு பக்கத்துலயும் சேர்த்து 23,000 பேருக்கு மேல பரிசோதிச்சாங்க. வடக்கே நூத்துக்கு 1.23 பேர் ரத்தத்துல சீலியாக்குக்கான ஆன்டிபாடி. வேலூர்ப் பக்கம் 0.10. பாத்தீங்களா, நாங்க சொல்லலைன்னு குதிக்காதீங்க. அஸ்ஸாம்ல 0.87! அஸ்ஸாம்காரங்க என்ன சப்பாத்தியா சாப்பிடறாங்க? அவங்களும் நம்மள மாதிரி அரிசிதான். அதே ஆய்வுப்படி ஹரியானாவுல ஒருத்தர் ஒரு நாளைக்குச் சாப்பிடற கோதுமை சராசரியா 455 கிராம், அஸ்ஸாம்ல 37, வேலூர்ல 25. இந்த நோய் வர ஏதுவான மரபணு மூணு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இருக்கு. மரபணு இருக்கிற எல்லாருக்கும் நோய் வராது, சிலருக்குத்தான் வரும். ஆனா "நம்ம ரத்தத்துலயே கிடையாது"ங்கிற பேச்சு பொய்.

அந்த 0.10ஐயே எடுத்துக்குங்க. ஆயிரத்துல ஒருத்தர். ஏழு கோடிக்கு மேல ஜனம் இருக்கிற மாநிலத்துல அந்த விகிதத்துல கணக்குப் போட்டா எழுபதாயிரம் பேர் ரத்தத்துல அந்த ஆன்டிபாடி இருக்கும். அதுல நோய் இருக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்? மிச்ச பேர் இன்னமும் இரும்பு மாத்திரை முழுங்கிக்கிட்டு, "டென்ஷனைக் குறைச்சுக்கிட்டு" இருக்காங்க.

அதுவும் போக, எந்தக் காலத்துல இருக்கீங்க? அரிசி ஊராம்ல! காலையில ரவா உப்புமா, சாயந்திரம் பிஸ்கட்டும் பஜ்ஜிக்கடையும், ராத்திரி பரோட்டா, சுகர் வந்தவங்களுக்கு மூணு வேளையும் சப்பாத்தி. 2022 செப்டம்பர்ல அரசுப் பள்ளிகள்ல காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சப்ப அறிவிச்ச பட்டியலைப் பாருங்க. ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவா உப்புமா, ரவா கிச்சடி, சேமியா கிச்சடி. திட்டத்தைக் குறை சொல்லலை. பசியோட வர்ற பிள்ளைக்குச் சுடச்சுட சாப்பாடு போடறது புண்ணியம். நான் சொல்றது ஒண்ணுதான். அரிசி உப்புமா, பொங்கல் தவிர அந்தப் பட்டியல்ல பெரும்பாலும் கோதுமை. ரவை, சேமியா, மைதா மூணும் கோதுமைதாங்க! மரத்துலயா காய்க்குது? "ரவை வேற கோதுமை வேற"ன்னு நினைக்கிற ஊர்ல "நாங்க கோதுமையே சாப்பிடறதில்ல"ன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம் இருக்கு?

கொள்கை ரெண்டு: "சாம்பார் சாதம் சாப்பிடலாமே, அதுல ஏது கோதுமை?"

இங்கதான் நானே ஏமாந்தேன். நோய் உறுதியானதும் சப்பாத்தி, பரோட்டா, ரவை, பிஸ்கட், மால்ட் பானம் எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டேன். அம்மா கையால வீட்டுச் சாப்பாடு மட்டும். எட்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்துப் பாத்தா டிடிஜி அளவு ஏதோ கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. திருட்டுத்தனமா பரோட்டா சாப்பிடறேன்னு நினைச்சிருப்பாங்க. சாமி சத்தியமா இல்லைன்னேன். டயட்டீஷியன்கிட்ட அனுப்பினாங்க. அவங்க கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல என்ன பெருங்காயம்?"

எனக்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பாத்தேன். இருபது வருஷமா அடுப்பு மேடையில இருக்கிற டப்பா. பொடி எழுத்துல போட்டிருக்கான்: கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம். சேர்மானப் பட்டியல்ல எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்ங்கிறது சட்டம். அப்படின்னா அந்தப் பெருங்காய டப்பாவுல பெருங்காயத்தைவிட கோதுமை ஜாஸ்தி! இது கலப்படமும் இல்ல. அசல் பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துலேர்ந்து வர்ற பிசின். அதோட வீரியத்துக்கு அப்படியே சமையல்ல போட முடியாது. அதனால கோந்தும் மாவும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமா விக்கிறாங்க. சட்டமே அனுமதிக்குது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. சாம்பார்ல பெருங்காயம், ரசத்துல பெருங்காயம், வத்தக் குழம்பு, மோர்க்குழம்பு, கூட்டு, புளியோதரை, பொங்கல், மெதுவடை, தயிர்சாதத் தாளிப்பு, மாங்கா ஊறுகாய், அப்பளம்... கல்யாணப் பந்தியில இலை நிறைய பரிமாறின பிறகு நான் நம்பித் தொடக்கூடியது வெறுஞ்சோறு, நெய், வாழைப்பழம். பால் பாயசம்னா அதுவும். சேமியா பாயசம்னா அதுவும் போச்சு. "என்ன மாப்ள, டயட்டா?"ன்னு பக்கத்து இலைக்காரர் சிரிப்பார்.

அன்னிக்கு நான் டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு நின்னதை அம்மா பாத்துட்டாங்க. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க, "அப்ப இத்தனை நாளும் நானாடா உனக்கு விஷம் வச்சேன்?"

இல்லம்மா. நீ வைக்கல. ஒரு டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கு யாரும் சொல்லல. சொல்ல வேண்டியவங்க எல்லாம் "நீங்க இட்லி சாப்பிடற ஆளு"ன்னு சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அம்மா அன்னிக்கே அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டாங்க. இப்ப அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தேடித்தான் வாங்கறோம். கிடைக்காத மாசம் பெருங்காயமே இல்லாத சாம்பார். வாசனை குறைச்சல்தான், உயிர் பெரிசு. ஆக, கொஞ்சூண்டு கட்சியில ஆயுள் உறுப்பினரா இருந்த எங்கம்மாவே கட்சி மாறிட்டாங்க. அதனால உங்களாலயும் முடியும் :-)

கொள்கை மூணு: "கொஞ்சூண்டு பட்டா என்ன ஆயிடப் போகுது?"

இதுதான் கட்சியோட மூலமந்திரம். பதிலும் இருக்கு. 2007ல இத்தாலி நாட்டு ஆய்வு ஒண்ணு வெளிவந்தது. பத்தியத்துல இருக்கிற சீலியாக் நோயாளிகளைப் பிரிச்சு, மூணு மாசம் தினமும் ஒரு கேப்ஸ்யூல். சிலருக்கு வெறும் கேப்ஸ்யூல், சிலருக்கு 10 மில்லிகிராம் குளூட்டன், சிலருக்கு 50 மில்லிகிராம். ஐம்பது மில்லிகிராம் சாப்பிட்டவங்களோட குடலுறிஞ்சிகள் தேய ஆரம்பிச்சது. ஐம்பது மில்லிகிராம்னா எவ்வளவு தெரியுமா? ஒரு துண்டு ரொட்டியில சுமாரா 2 கிராம் குளூட்டன் இருக்கும். அந்தத் துண்டை நாப்பதாப் பிச்சா அதுல ஒரு பிசிறு. நீங்க சொல்ற கொஞ்சூண்டு அதைவிடப் பெரிசு சாமி!

வாந்தி வரலைன்னா ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தமில்ல. பல பேருக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது. உள்ள குடல் தேஞ்சுக்கிட்டே இருக்கும். எலும்பு பலமில்லாம போகும். குழந்தைங்க வளர மாட்டாங்க. சில பெண்களுக்குக் கரு தங்காம போகும். என் மகள் வகுப்புலயே குட்டை. "அப்பா வழி அப்படித்தான்"னு விட்டுட்டோம். நோயாளியோட அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்கள்ல நூத்துக்கு ஏழெட்டு பேருக்கு இது இருக்கலாம், அதனால குடும்பத்துக்கே டெஸ்ட் எடுங்கன்னு சொன்ன பிறகுதான் அவளுக்கும் எடுத்தோம். அந்தக் குட்டைக்கும் காரணம் தெரிஞ்சது. பத்தியம் ஆரம்பிச்ச பிறகு இப்ப யூனிஃபார்ம் பத்தலைங்கிறா. எனக்கு அதைவிடச் சந்தோஷமான செலவு வேற இல்ல.

அடுத்து மாவு மில். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, வரகு எதுலயும் குளூட்டன் இல்ல. நம்ம மண்ணோட தானியம் முழுக்க எங்களுக்கு அமுதம். ஆனா முன்னாடி நின்னவர் கோதுமை அரைச்ச மெஷின்லயே என் கேழ்வரகைக் கொட்டினா, மெஷினுக்குள்ள மிச்சம் இருக்கிற கோதுமை என் பையில வந்து விழும். மில்லுக்காரர்கிட்ட சொன்னா, "அதெல்லாம் ஒரு பிடிதான் சார் ஒட்டும்"ங்கிறார். அதே மில்லுல மிளகாய்க்குத் தனி மெஷின் வச்சிருக்கார்! ஏன்? மிளகாய் அரைச்ச மெஷின்ல கோதுமை அரைச்சா காரம் ஏறும்னு அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மிளகாய் ஒட்டும், கோதுமை மட்டும் ஒட்டாதா?

சைவச் சாப்பாட்டுக்காரர் ஒருத்தர் உங்க வீட்டுக்கு வர்றார். மீன் குழம்புல விட்ட கரண்டியை அவர் சாம்பார்ல விட்டுட்டு, "கொஞ்சூண்டுதான் சார், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிப் பாருங்க. சொல்ல மாட்டீங்க. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, சில வீட்டுல தனி அடுப்பே வைப்பீங்க. மனுஷனை மனுஷன் தொட்டா தீட்டுன்னு டீக்கடையில தனி டம்ளர் வச்ச ஊருய்யா இது! இல்லாத தீட்டுக்குத் தலைமுறை தலைமுறையா தனிக் குவளை வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு, இருக்கிற நோய்க்கு ஒரு தனிக் கரண்டி வைக்கத் தெரியலையா? தெரியும். வைக்கணும்னு தோணலை. வித்தியாசம் அதுதான்.

கொள்கை நாலு: "இதெல்லாம் இப்ப வந்த அமெரிக்கா ஃபேஷன்."

எது ஃபேஷன்? 1888லயே லண்டன்ல சாமுவேல் ஜீங்கிற டாக்டர் குழந்தைங்களை வாட்டற இந்த நோயைப் பத்தி விளக்கமா எழுதியிருக்கார். எதனால வருதுன்னுதான் தெரியல. ரெண்டாம் உலகப் போர் சமயம் 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல பெரும் பஞ்சம். ரொட்டிக்கு வழியில்ல. ஊரே பட்டினியில வாடுறப்ப, இந்த நோய் இருந்த குழந்தைங்க மட்டும் மோசமாகாம தேறினாங்க. மறுபடி ரொட்டி கிடைக்க ஆரம்பிச்சதும் அதே குழந்தைங்க திரும்பப் படுத்துட்டாங்க. வில்லெம் டிக்கேங்கிற குழந்தை மருத்துவருக்குக் கோதுமை மேல ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. அது இன்னும் பலமாச்சு. 1950ல ஆய்வேடா எழுதி நிரூபிச்சார். குழந்தைங்க உயிர் போய் உயிர் போய்க் கண்டுபிடிச்ச சங்கதி இது. உங்க பக்கத்து சீட்டு ஐடி தம்பி போன வாரம் ஆரம்பிச்ச டயட் இல்ல.

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். ஃபேஷனாப் பண்றவங்களும் இருக்காங்க. ஹோட்டல்ல சர்வரைக் கூப்பிட்டு "நான் குளூட்டன் ஃப்ரீ"ன்னு அலட்டிட்டு, கடைசியில கேக் ஆர்டர் பண்ற கோஷ்டி. உங்களால எங்களுக்கு என்ன நஷ்டம் தெரியுமா? அடுத்து நான் போய்க் கேக்கறப்ப அந்த சர்வர் என்னையும் உங்க கணக்குல சேர்த்துடறார். "கொஞ்சம் மைதா இருந்தா பரவால்லல சார்?"ங்கிறார்.

இன்னொரு கூட்டமும் இருக்கு. அவங்களை நான் கேலி பண்ண மாட்டேன். கோதுமை சாப்பிட்டா வயிறு உப்பும், வலிக்கும், தலை கனக்கும். ஆனா ரத்தப் பரிசோதனையும் சரி, பயாப்ஸியும் சரி, சீலியாக் இல்லைன்னு சொல்லும். குளூட்டன் சென்சிடிவிட்டின்னு இதுக்குப் பேர். அவங்க வலி நிஜம். ஆனா குற்றவாளி எல்லா நேரமும் குளூட்டன்தானாங்கிறதுல சந்தேகம் இருக்கு. 2013ல ஆஸ்திரேலியாவுலயும் 2018ல நார்வேயிலயும் வந்த ஆய்வுகள், கோதுமையில இருக்கிற ஃப்ரக்டான் மாதிரியான மாவுச்சத்து வகைகள்தான் பலருக்குத் தொந்தரவு குடுக்குதுன்னு காட்டின. வெங்காயம், பூண்டுலயும் அதே ஃப்ரக்டான் இருக்கு. கோதுமையை விட்டும் வயிறு அடங்கலைன்னா அங்கயும் கொஞ்சம் பாருங்க.

இவங்களுக்கு என் வேண்டுகோள்: டெஸ்ட் எடுக்காம நீங்களே கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டு டெஸ்ட் எடுத்தா, உண்மையிலேயே சீலியாக் இருந்தாலும் இல்லைன்னு காட்டும். சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்பவே ரத்தம் குடுக்கணும். முதல்ல டிடிஜி ஐஜிஏ, கூடவே மொத்த ஐஜிஏ. அப்புறம் டாக்டர் சொன்னா எண்டாஸ்கோப்பி. "48 நாள்ல சீலியாக்கை வேரோட அறுக்கிறோம்"னு சூரணம் விக்கிற ஆளுங்க கண்ணுல மட்டும் பட்டுடாதீங்க. வேரோட அறுபடறது உங்க பர்ஸ்தான்.

சட்டம் என்ன சொல்லுது? பாக்கெட்ல குளூட்டன் இல்லைன்னு போட்டா ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. கோதுமை, பார்லி இருந்தா அதைத் தெளிவாப் போடணும். நல்ல சட்டம். ஆனா நம்ம வாழ்க்கை என்ன பாக்கெட்லயா நடக்குது? கல்யாண வீடு, கோயில் பிரசாதம், ஆபீஸ் கேண்டீன், பக்கத்து வீட்டுக் கொழுக்கட்டை. இதுக்கெல்லாம் லேபிள் ஏது? நீங்க சொல்ற வார்த்தைதான் லேபிள். இத்தாலியில 2005லயே சட்டம் போட்டு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசு கேண்டீன்கள்ல சீலியாக்காரங்களுக்குத் தனிச் சாப்பாடு குடுக்கணும்னு வச்சாங்க. மாசாமாசம் சாப்பாட்டுக்கு அரசாங்கமே உதவியும் பண்ணுது. பாஸ்தாவும் பீட்சாவும் உயிரா இருக்கிற நாட்டுல இது முடியுது. இட்லி, இடியாப்பம், ஆப்பம், புட்டு, கேழ்வரகுக் களின்னு குளூட்டனே இல்லாத சாப்பாடு கொட்டிக் கிடக்கிற நம்ம ஊர்ல என்னை மாதிரி ஆளு வெறுஞ்சோத்தை நெய் ஊத்திச் சாப்பிட்டு எந்திரிக்கிறான். கேவலமா இல்ல?

நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்ல.

டாக்டருங்களே, இரும்பு மாத்திரைக்கு ஏறாத ரத்தசோகை, வளராத குழந்தை, தீராத வாய்ப்புண் வந்தா, தமிழ்ப் பேர் பாத்துட்டுச் சிரிக்காதீங்க. ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுங்க. சமையல் கான்ட்ராக்டர் அண்ணன்களே, அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கடையில இருக்கு. கேட்டு வர்றவனுக்கு ஒரு சின்னக் குண்டான்ல தாளிக்கும் முன்னாடி பருப்பு எடுத்து வைங்க, போதும். "என்ன பெருங்காயம்?"னு கேட்டா முறைக்காதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. "ஒண்ணும் இல்ல, சாப்பிடுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. தெரியலைன்னு சொன்னா நாங்க பட்டினியோட போயிடுவோம். பொய் சொன்னா நோயோட போவோம்.

பெரியம்மா, சித்தி, அத்தை, பாட்டிங்களே, உங்களுக்குத்தான் முக்கியமாச் சொல்றேன். ஒரு பிள்ளை வேணாம்னு சொன்னா அது உங்க கையைத் தள்ளலை, லட்டைத்தான் தள்ளுது. உங்க பாசத்தை அது வாங்கிக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்கு அத்தாட்சி வேணும்னா, உங்க மூஞ்சி வாடக் கூடாதுன்னு அது வாந்தி எடுத்தது போதாதா? அடுத்த தடவை அவ வேணாம்னா, "சரி கண்ணு, உனக்கு என்ன ஆகும்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. வாழைப்பழம்னு சொல்லுவா. பழம் குடுத்து ஒரு முத்தமும் குடுங்க.

மகளுக்கு இப்ப ஒண்ணு கத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். யார் மூஞ்சி வாடினாலும் பரவாயில்ல, வேணாம்னா வேணாம்னு சொல்லு. நேத்து சாயந்திரம் பக்கத்து வீட்டுல பிஸ்கட் நீட்டினாங்களாம். "எனக்கு ஆகாது ஆன்ட்டி"ன்னாளாம். "கொஞ்சூண்டு"ன்னாங்களாம். "கொஞ்சூண்டும் ஆகாது ஆன்ட்டி"ன்னுட்டு வந்துட்டாளாம்.

அவங்க மூஞ்சி வாடிச்சான்னு கேட்டேன். "பாக்கலப்பா"ன்னா.

பி.கு: அந்தக் கல்யாணத்துப் பாட்டிக்கு மறுநாளே ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அழுதுட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை வீடு தேடி வந்தாங்க. கையில தூக்குவாளி. பச்சரிசியைக் கழுவிக் காயவச்சு வீட்டு மிக்ஸியிலயே மாவு அரைச்சு, வெல்லம் போட்டுக் கொழுக்கட்டை பண்ணிக் கொண்டு வந்திருக்காங்க. "மில்லுக்குக் கொண்டு போகலடா"ன்னு வாசப்படி ஏறும்போதே சொன்னாங்க. கொஞ்சூண்டு கட்சியிலேர்ந்து இன்னொரு விக்கெட் காலி!